ஆபரேட்டர் சீட்டிலிருந்து வீடியோ எடுப்பது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல் பக்கம் 14 வருடமாக வண்டி ஓட்டுகிறேன். முதலில் ஜேசிபி 3டிஎக்ஸ், இப்போது 20 டன் ஹிட்டாச்சி. எங்கள் ஊரில் செயின் வைத்த வண்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஹிட்டாச்சிதான், டயர் வண்டி எல்லாம் ஜேசிபிதான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கேபினுக்குள் கேமரா வைக்கத் தொடங்கிய பிறகு ஹெல்பர் பையன்களும் மற்ற ஆபரேட்டர்களும் ஒரே சந்தேகங்களைப் போனிலும் டீக்கடையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

மண்ணு வாரறதைப் போய் யாருங்கண்ணா பாப்பாங்க?

எல்லோரும் பார்ப்பார்கள். தெருவில் ஒரு ஜேசிபி பள்ளம் தோண்டினால் பத்து நிமிடத்தில் இருபது பேர் கூடிவிடுவது நமக்குத் தெரிந்ததுதானே. 2019 மே மாதம் ஜேசிபி தோண்டுவதை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை வைத்தே நாடு முழுக்க இணையத்தில் பேச்சாக இருந்தது.

ஆனால் கூட்டம் பார்ப்பது பக்கெட்டை மட்டும்தான். கேபினுக்குள் இருக்கிற இரண்டு கையை யாரும் பார்த்ததில்லை. பூம் என்பது வண்டியிலிருந்து கிளம்பும் பெரிய இரும்புக் கை, ஆர்ம் என்பது அதன் நுனியில் பக்கெட்டைத் தாங்கும் இரும்புக் கை. ஹிட்டாச்சியில் இடது லீவர் ஆர்மையும் வண்டி சுற்றுவதையும் பார்க்கிறது, வலது லீவர் பூமையும் பக்கெட்டையும் பார்க்கிறது. ஒரு தளத்தை மட்டமாக இழுக்க வேண்டுமென்றால் ஆர்மை உள்ளே இழுக்கும்போதே பூமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கணும், பக்கெட்டின் பல் கோணம் மாறாமல் அதையும் திருப்பிக்கொண்டே வரணும், இத்தனைக்கும் கை அசைவது ஒரு விரல் அகலம்தான். அந்த ஒரு விரல் அசைவும் பத்து மீட்டர் தள்ளி மண் சீவப்படுவதும் ஒரே படச் சட்டத்துக்குள் தெரிந்தால் அதுதான் நல்ல ஆபரேட்டர் வீடியோ. கீழே சொல்கிறது எல்லாம் அதற்காகத்தான்.

கேமரா வாங்கியே ஆகணுமா, கையில இருக்கற போன் போதாதா?

ஆரம்பிக்கப் போன் போதும், ஆனால் தினமும் பயன்படுத்துகிற நல்ல போனை வைக்காதீர்கள். போன் கேமராவுக்குள் நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸையே அசைக்கும் சின்ன அமைப்பு இருக்கிறது. பெரிய பைக் இஞ்சின் அதிர்வு தொடர்ந்து பட்டால் அது கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. நம் வண்டியில் எட்டு மணி நேரம் குலுங்குகிறது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை, போன் தானாக ஃபோகஸ் தேடும். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற புழுதியைப் பிடித்துக்கொண்டு பக்கெட்டை மங்கலாக்கிவிடும். பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்களில் ஃபோகஸ் நிலையாக இருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது. பழைய மாடல் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினாலே போதும், 1080பி தெளிவாக எடுத்தால் சரி.

தலையில மாட்டறதா, நெஞ்சுலயா, கேபின்லயா? எது சரி?

மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். தலையில் மாட்டினால் நம் கண் போகிற இடமெல்லாம் கேமராவும் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு டிப்பர் நிரப்புவதற்குள் நாம் எத்தனை தடவை தலையைத் திருப்புகிறோம் என்று எடுத்த வீடியோவைப் பார்த்தால்தான் தெரியும். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, டிப்பர் டிரைவர், ஹெல்பர் நிற்கிற இடம், மறுபடி பக்கெட். பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். ஒரு பையனுக்கு எங்கே எப்போது பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மட்டும் ஐந்து நிமிடம் தலையில் மாட்டி எடுங்கள், அதற்கு அதைவிட நல்ல கோணம் இல்லை.

நெஞ்சில் மாட்டினால் கை நன்றாகத் தெரியும். ஜேசிபியில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து தோண்டும்போது இது ஒத்துவரும். ஹிட்டாச்சியில் பக்கெட் மேலே போனால் சட்டத்தை விட்டே போய்விடும்.

நான் நிலையாக வைத்துக்கொண்டது சீட்டுக்குப் பின்னால், இடது தோளுக்கு ஒரு சாண் மேலே, கொஞ்சம் வலது பக்கம் பார்த்த மாதிரி. ஹிட்டாச்சியில் கேபின் பூமுக்கு இடது பக்கம் இருப்பதால் அந்த இடத்திலிருந்து இரண்டு கை, முன் கண்ணாடி, பூம், பக்கெட் எல்லாம் ஒன்றாக விழும். வலது பக்கத்தைப் பூம் எவ்வளவு மறைக்கிறது என்பதும் அதில் தெரியும். வலது பக்கம் நிற்காதே என்று ஹெல்பரிடம் ஏன் கத்துகிறோம் என்று வெளியாட்களுக்குப் புரிய அந்த ஒரு காட்சி போதும்.

கண்ணாடில ஒட்டற சக்‌ஷன் கப்பு தாங்குமா?

தாங்காது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு ஏப்ரல் மாதம் ஏரிக்கரையில் வேலை, போனை முன் கண்ணாடியில் சக்‌ஷன் கப்பில் ஒட்டியிருந்தேன். மதிய வெயிலில் கண்ணாடி கொதித்து ரப்பர் இளகி, போன் கழன்று நேராக, வண்டியை நகர்த்துகிற டிராவல் பெடலுக்கு இடையில் போய் விழுந்தது. எட்டி எடுக்கக் குனிந்தபோது என் காலே பெடலில் பட்டு வண்டி ஒரு முழம் முன்னால் நகர்ந்துவிட்டது. செயினுக்கு இரண்டடி தள்ளித்தான் ஹெல்பர் குந்தி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மற்ற லீவர், பெடல் எதுவும் வேலை செய்யாமல் பூட்டுகிற சேஃப்டி லாக் லீவரைத் தட்டிவிட்டு கீழே இறங்கிய பிறகும் கால் நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆனது.

அதற்குப் பிறகு எனக்கு மூன்று விதி. பெடலுக்கு நேர் மேலே எதையும் மாட்டுவதில்லை. கிளாம்ப் ஒன்று, அது கழன்றால் பிடிக்க ஒரு கயிறு, அந்தக் கயிறு பெடல் வரை எட்டாத நீளம். என்ன விழுந்தாலும் பக்கெட்டைத் தரையில் வைத்து, லாக் லீவரைப் போட்டு, இஞ்சினை நிறுத்திய பிறகுதான் குனிவது. இன்னொன்று, கிளாம்ப் மாட்ட கேபின் தூணில் ஓட்டை போடவோ வெல்டு வைக்கவோ கூடாது. வண்டி உருண்டால் நம்மைக் காப்பாற்றுவது அந்தத் தூண்கள்தான், ஒரு ஓட்டை அதன் பலத்தைக் கெடுக்கும். அவசரத்துக்கு வெளியேறுகிற கண்ணாடியையும் மறைக்காதீர்கள்.

ஸ்டெபிலைசேஷன் ஆன் பண்ணியும் வீடியோ ஏன் ஆடுது?

ஆன் செய்ததால்தான். ஸ்டெபிலைசேஷன் என்பது நடுக்கத்தைத் தானாகச் சரிசெய்கிற அமைப்பு. கேமரா கேபினோடு சேர்ந்து சுற்றுகிறது. அதன் உள்ளே அசைவை உணர்கிற ஜைரோ, வண்டி சுற்றுவதையும் கை நடுக்கம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கப் பார்க்கும், முடியாமல் கடைசியில் ஒரு வெட்டு வெட்டிவிடும். கேபின் தூண் ரப்பர் மாதிரி நெளிவதும் இதனால்தான். கேபினில் பொருத்தி எடுக்கும்போது ஸ்டெபிலைசேஷனை நிறுத்திவிடுங்கள். தலையில் நெஞ்சில் மாட்டும்போது மட்டும் போடலாம்.

இஞ்சின் அதிர்வுக்குக் கிளாம்புக்கு அடியில் பழைய டியூப் ரப்பரை இரண்டு மடிப்பாக வையுங்கள், நீட்டமான கை வைத்த ஸ்டாண்டைத் தவிர்த்து குட்டையாக வையுங்கள். பிரேக்கர் மாட்டிப் பாறை உடைக்கும்போது மட்டும் எந்த ரப்பரும் போதாது. அப்போது கேமராவைக் கழற்றி வெளியே, தெறிக்கிற கல் எட்டாத தூரத்தில், ஸ்டாண்டில் வைத்து எடுப்பதே சரி. பிரேக்கர் வேலையில் முன் கண்ணாடியைத் திறந்து வைத்து எடுக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு சில்லு போதும் கண் போவதற்கு.

கேபின் நல்லா தெரியுது, வெளிய எல்லாம் வெள்ளையா போயிடுது, என்ன பண்ண?

கேமரா இருட்டான டேஷ்போர்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டுகிறது. வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து வையுங்கள், போனாக இருந்தால் பக்கெட் மீது விரலை அழுத்திப் பூட்டிவிடுங்கள். கை கொஞ்சம் இருட்டாக விழுந்தால் பரவாயில்லை. வெளிர் நிறச் சட்டை போட்டால் முன் கண்ணாடியில் நம் உருவமே விழும், அதனால் நான் கருநீலச் சட்டைதான். காலையில் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைப்பது எந்த விலை உயர்ந்த லென்ஸையும்விட அதிகம் உதவும்.

சத்தம் காது கிழியுது, பாட்டு போட்டு மறைச்சிடலாமா?

வேண்டாம். இரண்டு காரணம். சினிமாப் பாட்டு போட்டால் உரிமைக்காரர் கோரிக்கை வைத்துவிடுவார், அந்த வீடியோவின் வருமானம் உங்களுக்கு வராது. கேபினில் எஃப்எம் ஓடிக்கொண்டிருந்தாலும் அதையும் கண்டுபிடித்துவிடும், ரெக்கார்டு போடும் முன் ரேடியோவை நிறுத்துங்கள்.

அதைவிடப் பெரிய காரணம், அந்தச் சத்தத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. மண் கடினமாகும்போது இஞ்சின் எப்படித் திணறுகிறது, சிலிண்டர் கடைசி வரை போய் முட்டும்போது ஹைட்ராலிக் எப்படிக் கீச்சிடுகிறது என்று கேட்டுத்தான் நாங்கள் லீவரை விடுகிறோம். மைக்கை சீட்டுக்குப் பின்னால் பஞ்சு சுற்றி வையுங்கள், ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்குகிற அமைப்பை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். சொல்ல வேண்டியதை வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்துக்கொண்டே பேசிச் சேருங்கள். ஓட்டிக்கொண்டே பேசினால் கவனமும் போகும், பேச்சும் கேட்காது.

சார்ஜ் எப்படி நிக்கும்? வண்டி பேட்டரில இருந்தே எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் வோல்டைப் பாருங்கள். ஜேசிபி 12 வோல்ட். 20 டன் ஹிட்டாச்சியில் இரண்டு பேட்டரி தொடராக இணைத்து 24 வோல்ட். கார் கடையில் 12 வோல்ட்டுக்கு மட்டும் என்று விற்கிற சார்ஜரை 24இல் சொருகினால் சார்ஜரோடு கேமராவும் போகலாம். லாரிக்காரர்கள் வாங்குகிற, 12 முதல் 24 வரை தாங்கும் சார்ஜர்தான் வேண்டும். எனக்குப் பிடித்தது பவர் பேங்க், வண்டி வயரைத் தொடவே வேண்டாம்.

நினைவக அட்டையில், எழுதும் வேகத்தைக் குறிக்கிற வி30 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 4கே நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஓடிவிடும். முழு நாளும் வேண்டுமென்றால் டைம்லாப்ஸ் வையுங்கள்: 5 நொடிக்கு ஒரு படம், 8 மணி நேரத்துக்கு 5,760 படம், அது ஓட்டிப் பார்த்தால் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு கிணறு ஒரே நாளில் இறங்குவதை மூன்று நிமிடத்தில் பார்க்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

ஓனர்கிட்ட, பார்ட்டிகிட்ட கேக்கணுமா?

கட்டாயம். வண்டி ஓனருடையது, இடம் வேலை கொடுக்கிற பார்ட்டியுடையது, நமக்குச் சொந்தம் நம் கை மட்டும். முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீடு இடிக்கிற வேலையில் இன்னும் கவனம் வேண்டும், அந்தக் குடும்பம் வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கும்போது அதை நாம் படமாக்கி வெளியிடக் கூடாது.

இன்னொன்றும் இதில் சேரும். நம் வாடகை மணிக்கணக்கு. ஹவர் மீட்டர் ஓடும்போது கோணம் சரிபார்த்துக்கொண்டு நின்றால் அது பார்ட்டியின் காசு. கேமராவை மாட்டுவது, துடைப்பது எல்லாம் காலையில் கிரீஸ் அடிக்கும் நேரத்திலேயே முடியணும். ரெக்கார்டு போட்ட பிறகு சாப்பாட்டு இடைவேளை வரை அதைத் தொடுவதில்லை.

எந்த வேலையில கேமராவே வேண்டாம்னு சொல்லுவீங்க?

மின்கம்பிக்குக் கீழே வேலை. ஆட்கள் பள்ளத்துக்குள் இறங்கிக் குழாய் பதிக்கும் வேலை. கரை ஓரத்தில், மண் சரியக்கூடிய விளிம்பில் நிற்கும் வேலை. குவாரியில் வெடி மருந்து நிரப்பும் நேரத்தில் கேமராவும் போனும் பக்கத்திலேயே போகக் கூடாது. ரோட்டில் ஜேசிபியை ஓட்டிப் போகும்போது போனைக் கையில் பிடித்து எடுப்பதும் அப்படித்தான், மோட்டார் வாகனச் சட்டம் 184ஆவது பிரிவில் அது அபாயகரமான ஓட்டுதலாகவே வருகிறது.

பொருத்திவிட்டால் அது பாட்டுக்கு ஓடப்போகிறது, அதில் என்ன ஆபத்து என்று கேட்பார்கள். கேமரா இருக்கிறது என்ற நினைப்பே ஆபத்து. பக்கெட்டைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவோம், ஒரே வீச்சில் நிரப்பிக் காட்டணும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது, அப்படித் தோன்றிய நாளில் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஏரி மண் அள்ளற வீடியோ போட்டா பிரச்சனை வருமா?

அனுமதி இருந்தால் வராது. விவசாயத்துக்கு வண்டல் எடுக்க அரசு வழி வைத்திருக்கிறது, மண் எடுப்பவர்கள் தாசில்தார் கொடுத்த அனுமதிக் கடிதம் வைத்திருப்பார்கள். வண்டி ஏறும் முன் அந்தத் தாளை நீங்களே வாங்கிப் பாருங்கள், எந்த ஏரி, எத்தனை நாள் என்று பாருங்கள். தாள் காட்டாத இடத்தில் வீடியோ எடுக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி, அங்கே முதலில் பக்கெட்டையே இறக்கக் கூடாது.

தோண்டும்போது கேபிளோ பைப்போ அறுந்துட்டா வீடியோவை அழிச்சிடலாமா?

அழிக்காதீர்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால், வழக்கு வரும் என்று தெரிந்தே அழிப்பது தனிக் குற்றமாகிவிடும். அதோடு பெரும்பாலும் அந்த வீடியோ நமக்குச் சாட்சி. கேபிள் எந்த ஆழத்தில் கிடந்தது, மேலே எச்சரிக்கை நாடா இருந்ததா, காண்ட்ராக்டர் எங்கே தோண்டச் சொல்லிக் கை காட்டினார் என்று எல்லாம் அதில் இருக்கும். அட்டையைக் கழற்றி அப்படியே வையுங்கள், வெட்டி ஒட்டியதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

தோண்டும் முன் கேபிள்காரர்களுக்கும் குழாய்க்காரர்களுக்கும் தகவல் சொல்ல மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலி கொண்டுவந்தது. காண்ட்ராக்டர் அதில் பதிந்தாரா என்று கேளுங்கள், கேட்பதையும் கேமரா முன்னாலேயே கேளுங்கள்.

பானை, சிலை ஏதாச்சும் கெடச்சா அதுதான் அண்ணா பெரிய வீடியோ?

அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கருப்பு சிவப்பு ஓடோ, பெரிய தாழியின் விளிம்போ பக்கெட் பல்லில் தெரிந்தால் அது ஆதிச்சநல்லூரில் கிடைத்தது போன்ற முதுமக்கள் தாழியாக இருக்கலாம், இன்னொரு வாரு வாரினால் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு தூளாகிவிடும். பூமிக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் அவர் மேலே சொல்வார்.

வீடியோவை அன்றே வெளியிட்டால் இரவோடு இரவாக ஆட்கள் வந்து தோண்டிவிடுவார்கள். தொல்லியல் ஆட்களிடம் முதலில் கொடுங்கள். எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்று அவர்களுக்குச் சொல்லக்கூடியது அந்த வீடியோ மட்டும்தான், தாழி இடம் மாறிவிட்டால் வேறு எதுவும் சொல்லாது.

காசு வருமா?

மெதுவாக வரும். யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். சீமைக் கருவேலம் வேரோடு பிடுங்குவது, கிணறு வெட்டுவது, சேற்றில் மாட்டிய டிப்பரை இழுப்பது இதெல்லாம் ஓடும். பேட்டாவை நம்பிக் குடும்பம் நடத்துங்கள், இதை நம்பி வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

சின்னப் பையனை மடியில் உட்கார வைத்து லீவரைப் பிடிக்கவிட்டு எடுத்தால் நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். பார்க்கட்டும். சக்‌ஷன் கப் கேள்வியில் என் கால் பட்டு வண்டி நகர்ந்ததைச் சொன்னேன், அங்கே ஒரு குழந்தையின் முழங்கை பட்டிருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். என் கேபினில் ஒரு சீட், ஒரு ஆள்.

இந்த வீடியோ பாத்தே ஓட்டக் கத்துக்கலாமா?

கை போகிற வரிசை தெரியும், கைக்கு வருகிற எதிர்ப்பு தெரியாது. அதனால் பார்த்துவிட்டு வந்து ஒரு ஆபரேட்டர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். எடுக்கிறவர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில போன்கள் கண்ணாடி பிம்பம் மாதிரி இடம் வலம் மாற்றிப் பதிந்துவிடும். ஒரு ஹெல்பர் பையன் அப்படி ஒரு வீடியோவைப் பார்த்துப் பூம் இடது கையில் என்று மனதில் பதித்துக்கொண்டு வந்தான், அதைத் திருத்த எனக்கு ஒரு வாரம் ஆனது. பின்பக்கக் கேமராவில் எடுங்கள், கேபினில் இருக்கிற எழுத்து நேராக விழுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். லீவர் அமைப்பு வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் தொடக்கத்திலேயே இது என்ன வண்டி, எந்தக் கையில் எது என்று பக்கெட்டை மெதுவாக ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டிவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.